கடலை வீட்டுக்குக் கொண்டு வந்தவர்

கடல் மீனைக் குளத்தில் விட்டால் செத்துப் போகும். கடலில் இருந்தே ஒரு குடம் தண்ணீர் மொண்டு வந்து அதில் விட்டாலும் பயன் இல்லை. சில நாளில் தண்ணீர் நாறும். மீன் மிதக்கும்.

அப்படியானால் கடல் மீனையும் நண்டையும் வீட்டில் வைத்து வளர்க்கவே முடியாதா?

முடியும் என்று ஊருக்கெல்லாம் கற்றுக் கொடுத்தவர் பிலிப் ஹென்றி காஸ். இங்கிலாந்து தேசத்தவர். மீன் தொட்டிக்கு "அக்வேரியம்" என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணமானவரும் இவர்தான்.

கடல் என்றால் இவருக்கு உயிர். ஆனால் இவர் எழுதிய புத்தகங்களாலேயே கடற்கரைக்கு ஒரு கேடும் வந்து சேர்ந்தது. அது ஒரு விசித்திரமான கதை.

அத்தை சொன்ன யோசனை

ஹென்றி 1810-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, உஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் காஸ் ஓர் ஓவியர். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய முகப்படங்களை வரைவார். தம்மை வரைந்து கொள்ள ஆசைப்படுகிறவர்களைத் தேடி, ஊர் ஊராக நடந்தே போவார். கையில் காசு தங்காது. குடும்பத்தைத் தாங்கியவர் தாயார்தான்.

ஹென்றி சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பூல் என்ற துறைமுகப் பட்டினத்தில் குடியேறியது. வீட்டுக்கு அருகே கடல். சிறுவன் ஹென்றிக்கு அதுவே விளையாட்டு மைதானம்.

பாறை இடுக்குகளில் பூப் போன்ற பிராணிகள் ஒட்டிக் கொண்டிருக்கும். அவற்றுக்குக் கடல் சாமந்தி என்று பெயர். பார்த்தால் பூ. தொட்டால் இதழ்களைச் சுருக்கிக் கொள்ளும். அருகே வரும் சிறு மீனை அந்த "இதழ்களாலேயே" பிடித்துத் தின்னும்.

ஹென்றிக்கு ஓர் அத்தை இருந்தார். செடி கொடி, பூச்சி புழு இவற்றின் பெயர்களை எல்லாம் அறிந்தவர். கடல் சாமந்தியைக் கடல் நீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டு வைத்துப் பார் என்று அவர்தான் சிறுவனுக்கு யோசனை சொன்னார். ஹென்றி அப்படியே செய்தான். நாள் முழுவதும் பாத்திரத்தின் அருகே உட்கார்ந்து பார்த்தான்.

அந்தப் பாத்திரத்தை அவன் மறக்கவே இல்லை.

பனி நாட்டில் குமாஸ்தா

வறுமை காரணமாகப் படிப்பு சீக்கிரமே நின்று போனது. 17-வது வயதில் ஹென்றி கப்பல் ஏறினார். 1827-ல் நியூபவுண்டுலாந்து தீவில் உள்ள கார்போனியர் என்ற ஊருக்குப் போய், ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா ஆனார். மீன் கணக்கும் கடல்நாய்த் தோல் கணக்கும் எழுதுவதே வேலை.

1832-ல் பூதக்கண்ணாடி பற்றிய ஒரு பழைய புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்ததும் பூச்சிகளைப் பிடித்து வரையத் தொடங்கினார். தகப்பனாரிடம் பார்த்துப் பழகிய நுணுக்கமான ஓவியத் தொழில் இப்போது கைகொடுத்தது. கடுகு அளவு பூச்சியின் காலில் உள்ள மயிரையும் தவறாமல் வரைவார்.

1835-ல் கனடாவுக்குப் போய்ப் பண்ணை வைத்தார். மூன்று ஆண்டு பாடுபட்டும் பலன் இல்லை. பிறகு அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்தில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். அங்கே அடிமைகள் படும் துன்பத்தைக் கண்டு மனம் வெறுத்தார். 1839-ல் வெறுங்கையோடு தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

வரும் வழியில், கப்பலில் உட்கார்ந்தே கனடா நாட்டு இயற்கை பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்தார். லண்டன் பதிப்பாளர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, வெளியிட ஒப்புக் கொண்டார். 100 கினி தருவதாகவும் சொன்னார். பட்டினி கிடந்த ஹென்றியால் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். புத்தகம் 1840-ல் வெளிவந்தது.

அதன் பிறகு எழுத்துதான் அவருடைய பிழைப்பு. 1844-ல் ஜமைக்கா தீவுக்குப் போய், ஒன்றரை ஆண்டு தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். 1848-ல் எமிலி என்ற மங்கையை மணந்தார். எமிலியும் எழுத்தாளர். இருவரும் கடும் பக்தி உள்ள கிறிஸ்தவர்கள்.

மறு ஆண்டு எட்மண்ட் என்ற மகன் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் ஹென்றி இரண்டு செய்திகளை எழுதினார். ஒன்று, மகன் பிறந்தது. மற்றொன்று, ஜமைக்காவில் இருந்து ஒரு பச்சைக் குருவி வந்து சேர்ந்தது. இரண்டும் அவருக்கு முக்கியம்!

கடற்கரைக்குப் போகச் சொன்னது நோய்

இரவு பகலாக எழுதியதில் உடம்பு கெட்டது. தலைவலி ஓயவில்லை. கடற்காற்று வேண்டும் என்று ஆகிவிட்டது. 1852 ஜனவரியில் மனைவியையும் மகனையும் அழைத்துக் கொண்டு டெவன் கடற்கரைக்குப் போனார்.

ஓய்வு எடுக்கப் போனவர் ஓய்வு எடுத்தாரா? இல்லை. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பாறைகளில் இறங்கினார். சுத்தியலும் உளியும் கூடையும் ஜாடிகளுமாகத் திரிந்தார். இடுப்பு அளவு தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டினார். பிடித்த பிராணிகளை வீட்டுக்குக் கொண்டு வந்து ஜாடிகளில் வைத்தார்.

சிறுவயதில் பாத்திரத்தில் வைத்த கடல் சாமந்தி நினைவு வந்திருக்கும். ஆனால் இப்போது அவர் மனதில் ஒரு கேள்வி. தண்ணீரை மாற்றாமலே இவற்றை மாதக் கணக்கில் உயிரோடு வைக்க முடியுமா?

முன்னே முயன்றவர்கள்

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் தோன்றியது அல்ல.

பிரான்சு நாட்டுப் பெண்மணி ஜான் வில்பிரோ பவர், 1832-லேயே சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி செய்து, கடல் பிராணிகளை அதில் வைத்து ஆராய்ந்தார். அவர் முதலில் தையல்காரியாக இருந்தவர்.

லண்டனில் அன்னா தின் என்ற சீமாட்டி, 1846-ல் டார்க்கி கடற்கரையில் இருந்து பவளப் பூச்சிகளைக் கொண்டு வந்து வளர்த்தார். தண்ணீருக்குக் காற்று வேண்டுமே! அதற்காக அவர் வீட்டு வேலைக்காரி, ஜன்னல் ஓரம் நின்று தினமும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்றிக் கொண்டிருந்தாள். நாம் காப்பி ஆற்றுவது போல!

1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், நல்ல தண்ணீர்த் தொட்டியில் மீனும் செடியும் நத்தையும் சேர்ந்து வாழும் முறையை வெளியிட்டார். கடல் நீரிலும் அவர் முயன்று கொண்டிருந்தார். ஹென்றி இதை மறைக்கவில்லை. வாரிங்டனுக்கு உரிய பெருமையை அவருக்கே கொடுத்தார்.

ரகசியம் என்ன?

மீனும் நண்டும் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசிக்கின்றன. கரியமிலவாயுவை வெளியே விடுகின்றன. சிறு தொட்டியில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்து போகும். பிராணி மூச்சுத் திணறிச் சாகும்.

கடற்பாசி இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. வெளிச்சம் பட்டால் கரியமிலவாயுவை எடுத்துக் கொள்கிறது. பிராணவாயுவைக் கொடுக்கிறது. ஆகவே பாசியும் பிராணியும் சரியான அளவில் இருந்தால், ஒன்றை ஒன்று வாழ வைக்கும். தண்ணீரை மாற்ற வேண்டியதில்லை.

டெவன் கடற்கரையில் ஹென்றி இதைக் கண்ணாரக் கண்டார். வெயில் பட்டதும் பாசியின் மேல் முத்து முத்தாகக் குமிழ்கள் கிளம்பின. ஜாடியில் இருந்த பிராணிகள் சுகமாக இருந்தன.

லண்டனில் கூட்டம்

லண்டன் ரீஜண்ட் பார்க் மிருகக்காட்சி சாலையார் இதைக் கேள்விப்பட்டார்கள். 1853 மே மாதம் அங்கே மீன்களுக்கு என்று தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. பொது மக்களுக்காக உலகில் ஏற்பட்ட முதல் மீன் காட்சி சாலை அதுதான். அதற்குக் கடல் பிராணிகளைப் பிடித்து அனுப்பியவர்களில் முக்கியமானவர் ஹென்றி. வேமவுத் கடலில் படகில் சென்று, வலை இழுத்து, ஜாடிகளில் அடைத்து ரெயிலில் அனுப்பினார்.

அதற்கு முன் கடல் பிராணியைப் பார்க்க வேண்டுமானால் இரண்டே வழிதான். கரையில் செத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். அல்லது சாராயத்தில் ஊறி வெளுத்துப் போனதைப் பார்க்கலாம். இப்போது உயிரோடு, நிறத்தோடு, நீந்துவதைக் கண்ணுக்கு எதிரே பார்த்தார்கள். கூட்டம் அலைமோதியது.

1854-ல் ஹென்றி "அக்வேரியம்" என்ற பெயரில் புத்தகம் வெளியிட்டார். வண்ணப்படங்களை அவரே வரைந்தார். புத்தகம் நன்றாக விற்றது. கையில் பணம் சேர்ந்தது. 1855-ல், வீட்டில் தொட்டி வைப்பவர்களுக்காகச் சின்னக் கைப்புத்தகம் ஒன்றும் எழுதினார்.

கற்றுக் கொடுத்த பாடங்கள்

அவர் சொன்ன வழிகள் எளியவை. அவற்றில் பல இன்றைக்கும் பொருந்தும்.

தண்ணீர்தான் முதல். அதைக் கரை ஓரத்தில் மொள்ளக் கூடாது. கப்பல்காரர்களிடம் சொல்லி, தூரத்துக் கடலில் இருந்து கொண்டு வரச் சொல்ல வேண்டும். பீப்பாய் புதிதாக இருக்க வேண்டும். மது வைத்த பீப்பாயாக இருந்தால் எல்லாம் பாழ்.

கடல் எட்டாத ஊரில் என்ன செய்வது? அதற்கும் அவர் வழி கண்டார். 1854-ல் நான்கு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துச் செயற்கைக் கடல் நீர் தயாரித்தார். சாப்பாட்டு உப்பு பெரும் பங்கு. பேதி உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவை சிறு பங்கு. சாப்பாட்டு உப்பை மட்டும் கரைத்தால் அது கடல் நீர் ஆகிவிடாது என்பது இதில் உள்ள பாடம்.

அடுத்தது பாசி. பாசியைப் பிய்த்து எடுத்தால் அழுகிவிடும். அது ஒட்டியிருக்கும் கல்லோடு பெயர்த்து எடுக்க வேண்டும். பாசியை வைத்ததும் பிராணிகளை விட்டு விடக் கூடாது. சில நாட்கள் பொறுக்க வேண்டும். தொட்டி வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஆனால் கடும் வெயில் ஆகாது. வெயில் அதிகமானால் தண்ணீர் சூடேறும். கண்ணாடி முழுவதும் பச்சை படரும். அந்தப் பச்சையைத் தின்பதற்குக் கடல் நத்தைகள் நாலைந்தை விட்டால், அவை கண்ணாடியை மேய்ந்து சுத்தம் செய்யும்.

பிராணிகள் கொஞ்சமாக இருக்க வேண்டும். ஒன்றை ஒன்று தின்னாததாகவும் இருக்க வேண்டும். ஒன்று செத்தால் உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு பிணம் தொட்டி முழுவதையும் கெடுக்கும்.

தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைந்தால், கடல் நீரை ஊற்றக் கூடாது! நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். ஏன்? ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேலும் மேலும் கடல் நீர் ஊற்றினால் உப்பு ஏறிக் கொண்டே போகும்.

வீடெல்லாம் தொட்டி

இங்கிலாந்து முழுவதும் பைத்தியம் பிடித்தது போல் ஆயிற்று. கண்ணாடி மீது இருந்த வரி 1845-லேயே நீங்கிவிட்டதால் கண்ணாடி மலிவு. ரெயில் வந்துவிட்டதால் கடற்கரைக்குப் போவதும் சுலபம். சீமான் வீட்டுக் கூடத்தில் தொட்டி. குமாஸ்தா வீட்டு ஜன்னலிலும் தொட்டி. சார்லஸ் கிங்ஸ்லி போன்ற பெரிய எழுத்தாளரும் கடற்கரை அதிசயங்களைப் பற்றி எழுதினார். லண்டனில் ஆல்போர்டு லாயிடு என்பவர் கடல் நீரும் கடல் சாமந்தியும் விற்கத் தனிக் கடையே திறந்தார்.

ஹென்றி கடற்கரையில் பாடம் நடத்தினார். பட்டுப் பாவாடை அணிந்த சீமாட்டிகளும், பாதிரியார்களும், பள்ளிப் பிள்ளைகளும் வலையும் வாளியுமாக அவர் பின்னால் போனார்கள். 1856-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராகச் சேர்த்துக் கொண்டது. கல்லூரி வாசலை மிதிக்காத குமாஸ்தாவுக்குக் கிடைத்த பெரிய கவுரவம் அது.

இரண்டு அடி

புகழ் வந்த அதே ஆண்டில் எமிலிக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். எட்மண்டுக்கு அப்போது வயது ஏழு.

துக்கத்தோடு ஹென்றி ஒரு புத்தகம் எழுதினார். பூமி பல கோடி ஆண்டு பழமையானது என்று பாறைகள் காட்டின. வேதமோ ஆறு நாளில் படைப்பு என்று சொன்னது. இரண்டையும் ஒட்டவைக்க அவர் முயன்றார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்கும் தொப்புள் இருந்தது போல, பூமியும் பழமைத் தோற்றத்தோடேயே படைக்கப்பட்டது என்று வாதாடினார். "ஓம்பலஸ்", அதாவது தொப்புள் என்பதே புத்தகத்தின் பெயர். விஞ்ஞானிகள் சிரித்தார்கள். பக்தர்களும் ஏற்கவில்லை. புத்தகம் விற்கவில்லை.

மனம் உடைந்த ஹென்றி, மகனுடன் டார்க்கிக்கு அருகில் உள்ள செயிண்ட் மேரிசர்ச் கிராமத்துக்குக் குடி போனார். மீண்டும் கடல்தான் அவரைத் தேற்றியது. மகன் கையைப் பிடித்துக் கொண்டு பாறைக் குட்டைகளில் இறங்கினார். பிரிட்டிஷ் கடல் சாமந்திகள் அத்தனையையும் வரைந்து, விவரித்து, 1860-ல் ஒரு பெரிய நூலை முடித்தார். அதே ஆண்டில் எலைசா என்ற பெண்மணியை மறுமணம் செய்து கொண்டார்.

வெறுமையான குட்டைகள்

இதற்குள் கடற்கரை மாறிவிட்டது.

வாளியோடு வந்தவர்கள் ஒன்று இரண்டு பேர் அல்ல. கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உளி கொண்டு பாறையைப் பெயர்த்தார்கள். கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளினார்கள். அவர் சொன்னதில் பாதியைத்தான் அவர்கள் கேட்டார்கள். தொட்டி வாங்கச் சொன்னதைக் கேட்டார்கள். கொஞ்சமாக வைக்கச் சொன்னதைக் கேட்கவில்லை. பத்துப் பிராணி இருக்க வேண்டிய தொட்டியில் ஐம்பதைத் திணித்தார்கள். தண்ணீர் நாறியது. வாசலில் கொட்டிவிட்டு, மறுபடி வாளியோடு கடற்கரைக்குப் போனார்கள்.

எத்தனையோ யுகங்களாக யார் கையும் படாமல் இருந்த பாறைக் குட்டைகள் சில ஆண்டுகளில் வெறுமையாயின. தாம் எழுதிய புத்தகங்களே இதற்கு வழிகாட்டி ஆயின என்பதை ஹென்றி உணர்ந்தார். அது அவருக்குத் தீராத வேதனை. எட்மண்ட் பிற்காலத்தில் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆனார். தந்தையைப் பற்றி 1907-ல் எழுதிய நூலில் இந்த அழிவையும் வேதனையையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

1860-க்குப் பிறகு தொட்டி மோகம் சட்டென்று அடங்கியது. லாயிடு கடை நொடித்தது. தொட்டிகள் பரணுக்குப் போயின.

ஹென்றி தோட்டத்தில் ஆர்க்கிட் பூக்களை வளர்த்தார். முதுமையில் வானத்து நட்சத்திரங்கள் மேல் ஆசை பிறந்தது. குளிர் இரவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தொலைநோக்கியில் பார்த்தார். மார்புச் சளி பிடித்தது. 1888 ஆகஸ்டு 23-ந் தேதி, 78-வது வயதில் காலமானார்.

இன்று

அவர் அறியாத ஒன்றை இன்றைய விஞ்ஞானம் அறியும். பிராணிகளின் கழிவில் இருந்து அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் கல்லிலும் மணலிலும் பெருகி, அந்த விஷத்தைப் படிப்படியாக அதிகக் கேடு இல்லாத பொருளாக மாற்றுகின்றன. அவை பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டியில் அவசரப்பட்டு மீன் விட்டால் செத்துப் போகிறது.

இன்று கடல் நீர்த் தொட்டி வைப்பவர்கள் கடைகளில் விற்கும் உப்புக் கலவையை, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் கரைக்கிறார்கள். காற்றுக்கு மின்சாரப் பம்பு இருக்கிறது. தொட்டி பெரிதாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் கெடாது. ஆனால் கோடு போட்டு நல்ல தண்ணீர் ஊற்றுவதும், பொறுத்திருந்து கொஞ்சமாக விடுவதும் ஹென்றி காட்டிய வழிதான்.

மீனை எங்கே வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். கோமாளி மீன் போன்ற சில இனங்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறார்கள். அவற்றை வாங்கினால் கடலுக்குச் சேதம் இல்லை. நம் நாட்டில் பவளப் பாறை, கடல் குதிரை ஆகியவற்றைக் கடலில் இருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றையும் காக்கிறது. ஹென்றி காலத்தில் டெவன் கரைக்கு இப்படி ஒரு காவல் இருந்திருந்தால், அந்தக் குட்டைகள் தப்பியிருக்கும்.

லண்டனைப் பார்த்துப் பல நாடுகளில் மீன் காட்சி சாலைகள் எழுந்தன. 1909-ல் சென்னைக் கடற்கரையிலும் ஒன்று திறக்கப்பட்டது.

ஹென்றி வரைந்த கடல் சாமந்திப் படங்களுக்கு வேறொரு வாழ்வும் கிடைத்தது. லியோபோல்டு பிளாஷ்கா என்ற கண்ணாடிக் கைவினைஞர், அந்தப் படங்களைப் பார்த்து அச்சு அசலாகக் கண்ணாடியில் கடல் சாமந்திகளைச் செய்தார். அவரும் அவர் மகனும் செய்த கண்ணாடிப் பிராணிகள் பல நாட்டுக் காட்சி சாலைகளில் இன்றும் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம். தீனியும் வேண்டாம். பார்க்க வரும் குழந்தைகள், உயிருள்ள பூ என்று எண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் முகத்தைப் பதித்துக் கொள்கிறார்கள்.